‘ஒரு வாய்தானே’ என்று சொல்லாதீர்கள்

சுற்றி வளைத்துப் பேச நேரமில்லை. பந்தியில் உட்கார்ந்த பிள்ளை, “எனக்கு முந்திரி ஆகாது அத்தை” என்கிறான். “ஒரு வாய்தானேடா கண்ணு, ஒண்ணும் ஆயிடாது” என்கிறோம். புதிதாக வந்த மருமகள், “கடலைச் சட்னி எனக்கு வேண்டாம் அத்தை” என்கிறாள். “எங்க வீட்டுச் சாப்பாடு மகாராணிக்கு ஆகலையாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். கோயிலில் சுண்டலுக்குக் கை நீட்டாத சிறுமியிடம், “சாமி பிரசாதம்மா, ஒண்ணும் செய்யாது” என்று தெய்வத்தையே சாட்சிக்கு இழுக்கிறோம். பகைகொண்டு இதைச் செய்பவர் எவருமில்லை. பாசத்தினால் செய்கிறோம், பழக்கத்தினால் செய்கிறோம், வந்தவர் வயிறு நிறைய வேண்டுமே என்ற ஆசையினால் செய்கிறோம். ஆனாலும் செய்தது செய்ததுதான். தொண்டை வீங்கி மூச்சடைத்துத் துடிக்கிற பிள்ளைக்கு, ஊட்டிய கை பாசமுள்ள கையாக இருந்து என்ன பயன்?

ஆகவே ஒன்றைக் கேட்கிறேன், கெஞ்சிக் கேட்கிறேன். ஒருவர் தம் உடம்புக்கு ஒன்று ஆகாது என்று சொன்னால் நம்புங்கள். காரணத்தைப் பிறகு கேட்கலாம். உண்மையில் அலர்ஜிதானா என்று மருத்துவரிடம் போய் ஆராயலாம். பந்தியில் நம்புங்கள். பிரசாதத்தை அந்தக் குழந்தை பக்தியோடு பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகட்டும். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

“நேத்து வரைக்கும் சாப்பிட்டுக்கிட்டுதானே இருந்தா, இன்னிக்கு என்ன புதுசா?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நெப்டியூன் என்ற நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1901-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆராய்ச்சிக் கப்பலில் சார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு அறிவியலாளர்கள் பயணம் செய்து, கடல் உயிர்களின் நஞ்சை ஆராய்ந்தார்கள். பாரிஸ் திரும்பியபின், கடல் அனிமோனின் நஞ்சைச் சிறிய அளவில் செலுத்திப் பழக்கினால் நாய்களுக்கு அதைத் தாங்கும் வலு வந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். நெப்டியூனுக்கு முதல் ஊசி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து, நல்ல திடகாத்திரமாக ஓடிக்கொண்டிருந்த அதே நாய்க்கு அதே சிறிய அளவைச் செலுத்தினார்கள். அரை மணிக்குள் அது செத்துப்போயிற்று. காக்கும் என்று நம்பிக் கொடுத்த மருந்து கொன்றுவிட்டது. இந்தக் கண்டுபிடிப்புக்காகத்தான் ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். முந்தைய முறை ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த முறைக்கு உத்தரவாதம் ஆகாது. இதை அந்த நாய் உயிரைக் கொடுத்து நமக்குச் சொல்லியிருக்கிறது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். கடலையில் இருக்கும் புரதத்தையோ இறாலில் இருக்கும் புரதத்தையோ நம் தற்காப்பு அமைப்பு எதிரி என்று தவறாகக் குறித்துக்கொள்கிறது. அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பொருள் தோலிலும் மூக்கிலும் நுரையீரலிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்களின்மேல் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அடுத்த முறை அதே புரதம் வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. தோலில் கொட்டினால் தடிப்பு, மூக்கில் கொட்டினால் அடுக்குத் தும்மல், மூச்சுக்குழாயில் கொட்டினால் இளைப்பு. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் கொட்டினால் ரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் சரிகிறது, குரல்வளை வீங்குகிறது, மூச்சுப் பாதை இறுகுகிறது. அனபிலாக்சிஸ் என்பது அதுதான்.

“எல்லாம் மனசுதான் காரணம்” என்று அலட்சியமாகச் சொல்கிறவர்களுக்கு 1921-இலேயே பதில் கிடைத்துவிட்டது. ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற ஜெர்மன் மருத்துவருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைக் கார்ல் பிராவுஸ்நிட்ஸ் என்ற இன்னொரு மருத்துவர் தம் தோலில் ஓரிடத்தில் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். மீனை எந்தத் தொல்லையுமின்றிச் சாப்பிட்டு வந்த அவருக்கு, அந்த ஓரிடம் மட்டும் தடித்துச் சிவந்தது. கூஸ்ட்னரின் மனம் பிராவுஸ்நிட்ஸின் தோலுக்குள் போகவில்லை, அவருடைய ரத்தத்தில் இருந்த ஒரு பொருள் போயிற்று. அந்தப் பொருளை, அதாவது ஐஜிஇ-யை, 1966-இல் இஷிசாகா என்ற அறிவியலாளர் தம்பதி அடையாளம் கண்டார்கள். நூறாண்டுக்கு முன்பே நிரூபணமான ஒன்றை இன்றும் ‘செல்லம்’ என்றும் ‘நடிப்பு’ என்றும் சொல்லிக்கொண்டிருப்பது அறியாமை மட்டுமன்று, பாவம்.

காலம் குறைவு என்று நான் சொல்வதை மேடைப் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குக் கணக்கு இருக்கிறது. 1992 முதல் 1998 வரை பிரிட்டனில் அனபிலாக்சிஸால் இறந்தவர்களின் பதிவுகளைத் தேடி எடுத்து ஆராய்ந்து, மான்செஸ்டரைச் சேர்ந்த ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற மருத்துவர் 2000-இல் வெளியிட்டார். ஊசி மருந்து போன்ற மருத்துவக் காரணங்களால் இறந்தவர்களில் பாதிப் பேருக்கு 5 நிமிடத்துக்குள் மூச்சோ இதயமோ நின்றுவிட்டது. குளவியோ தேனீயோ கொட்டி இறந்தவர்களில் பாதிப் பேருக்கு 15 நிமிடம். உணவால் இறந்தவர்களில் பாதிப் பேருக்கு 30 நிமிடம். இவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மருந்து அட்ரினலின். இதயமோ மூச்சோ நிற்பதற்கு முன் அதைப் பெற்றவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். மருந்து இல்லாத நாடா அது? மருந்து இருந்தது. நேரம் போய்விட்டது.

நம் வீட்டில் அந்த அரை மணி எப்படிப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம், “பித்தமா இருக்கும்.” அடுத்த ஐந்து நிமிடம், “கொஞ்சம் மோர் குடிச்சாச் சரியாயிடும்.” அதற்கடுத்து, “கண்ணு பட்டிருக்கும், உப்பு மிளகாய் எடுத்துட்டு வா.” அப்புறம், “சம்பந்தி வீட்டார் முன்னாடி ஆர்ப்பாட்டம் வேண்டாம், உள் ரூம்ல படுக்க வை.” அப்புறம்தான், “யார்கிட்ட கார் இருக்கு?” அரை மணி முடிந்துவிட்டது. மானம் பார்த்தோம், மரியாதை பார்த்தோம், நல்ல நேரம்கூடப் பார்த்தோம். கடிகாரத்தை மட்டும் பார்க்கவில்லை.

கேளுங்கள், இதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும், கொட்டுப் பட்டதும், ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, அதோடு குரல் கம்மினாலோ, மூச்சு இரைந்தாலோ, தலை சுற்றித் தள்ளாடினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, அது சாதாரண அரிப்பு அன்று. சில நேரம் தடிப்பே இல்லாமலும் மூச்சு அடைக்கும். அவரைத் தரையில் படுக்க வையுங்கள், கால்களை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரட்டும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். சரிந்திருக்கும் ரத்த அழுத்தத்தில் எழுந்து நிற்பதே உயிரைப் பறித்துவிடும். மாடிப்படியில் நடத்திக் கூட்டிவந்து ஸ்கூட்டரில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகிற வழக்கத்தை இன்றோடு விடுங்கள். 108-ஐ அழையுங்கள், “அலர்ஜி, மூச்சு அடைக்குது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசி கையில் இருந்தால் உடனே போடுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மருத்துவமனை நடத்துகிறவர்களே, உங்களிடமும் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. “ஏவிலும் டெக்ஸாவும் போட்டாச்சு, சரியாயிடும்” என்ற வாக்கியம் எத்தனை கிளினிக்குகளில் ஒலிக்கிறது! ஏவில் அரிப்பைத் தணிக்கும்; அடைத்துக்கொண்டிருக்கும் குரல்வளையைத் திறக்காது. டெக்ஸா வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். அனபிலாக்சிஸில் முதல் மருந்து அட்ரினலின்தான். அதைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். வயது வந்தவருக்கு அரை மில்லிகிராம், குழந்தைக்கு எடைக்கேற்ற அளவு, தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மலிவான மருந்து இது. அட்ரினலின் இல்லாத அறையில் ஆன்டிபயாடிக் ஊசியோ வலி ஊசியோ போடுவதற்கு உங்களுக்கு உரிமை இல்லை. ஊசி போட்டுக்கொண்டவரை ஐந்து நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவதற்கும் உரிமை இல்லை. அனபிலாக்சிஸ் தணிந்த நோயாளிக்குச் சில மணி நேரத்தில் அது மறுபடி வரலாம் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர் மறைத்தால் அவர் கணக்கு இன்னும் பெரிது. நோயாளிகளாகிய நாமும் யோக்கியர்களா? சாதாரணக் காய்ச்சலுக்கே “ஊசி போடுங்க டாக்டர், மாத்திரை கேக்காது” என்று வற்புறுத்துகிறவர்கள் நாம்தானே!

உணவு விற்பவர்களுக்கும் ஒரு நிகழ்ச்சி சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் நம் நாட்டுச் சமையல் விற்ற ஓர் உணவகம். 2014 ஜனவரியில், தனக்கு நிலக்கடலை ஆகாது என்று சொல்லியே ஒருவர் சிக்கன் டிக்கா மசாலா வாங்கிப் போனார். மூடியின்மேல் ‘நட்ஸ் இல்லை’ என்று எழுதியும் கொடுத்தார்கள். உள்ளே நிலக்கடலை இருந்தது. கடன் நெருக்கவே, பாதாம் தூளுக்குப் பதிலாக நிலக்கடலை கலந்த மலிவான தூளுக்கு மாறியிருந்தார் உரிமையாளர். மூன்று வாரத்துக்கு முன்னால்தான், அவருடைய இன்னோர் உணவகத்தில் சாப்பிட்ட இளம்பெண் ஒருத்தி இதே காரணத்தால் மருத்துவமனைக்குப் போயிருந்தாள். அந்த எச்சரிக்கை அவருக்கு உறைக்கவில்லை. வாங்கிப்போனவர் அன்றிரவே வீட்டில் இறந்து கிடந்தார். 2016-இல் உரிமையாளருக்கு ஆறாண்டு சிறை கிடைத்தது. கொல்ல வேண்டும் என்று அவர் நினைத்தாரா? இல்லை. கொஞ்சம் மிச்சம் பிடிக்க நினைத்தார். மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று, போன உயிருக்கு அது ஈடாகுமா?

அதே 2016 ஜூலையில், லண்டனிலிருந்து பிரான்சின் நீஸ் நகருக்கு விமானம் ஏறிய நடாஷா என்ற 15 வயதுப் பெண், விமான நிலையத்தில் ஒரு பாகெட் ரொட்டி வாங்கினாள். அவளுக்கு எள் ஆகாது. மாவிலேயே எள் கலந்து சுட்டிருந்தார்கள். உறையில் அதைச் சொல்லவில்லை. கடையிலேயே செய்து கட்டி விற்கும் பண்டத்துக்கு அப்படிச் சொல்ல வேண்டுமென்ற கட்டாயமும் அப்போது இல்லை. அப்பா கையிலிருந்த இரண்டு அட்ரினலின் ஊசிகளைப் போட்டும் அவள் பிழைக்கவில்லை. பெற்றோர் அழுது ஓய்ந்துவிடவில்லை, போராடினார்கள். 2021 அக்டோபர் 1 முதல், அப்படிக் கட்டி வைத்து விற்கும் பண்டம் ஒவ்வொன்றிலும் உட்பொருள் முழுவதையும் எழுதியே தீர வேண்டும் என்ற சட்டம் அவள் பெயராலேயே நடக்கிறது.

நம்மிடமும் சட்டம் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள், குளூட்டன் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் பருப்புக் கொட்டைகளும், சோயா, சல்ஃபைட் ஆகியவற்றைப் பொட்டலத்தில் தெரிவிக்கச் சொல்கின்றன. எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. நல்லெண்ணெயும் தாளிப்பும் இல்லாமல் நமக்கு அடுப்பு ஏது? ஐரோப்பா இரண்டையும் பட்டியலில் வைத்திருக்கிறது. தவிர, நாம் சாப்பிடுவதில் எவ்வளவு பொட்டலத்தில் வருகிறது? இலையில் பரிமாறுகிற குருமாவுக்கு லேபிள் கிடையாது. பரிமாறுகிறவரின் நாக்குதான் லேபிள்.

ஆகவே சமையல் மாஸ்டர்களே, மெஸ் நடத்தும் அம்மாக்களே, கேட்டரிங் எடுத்திருக்கும் தம்பிகளே, கேட்டவருக்கு உண்மையைச் சொல்லுங்கள். குருமாவில் முந்திரி அரைத்து விட்டிருந்தால் ‘விட்டிருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். தேங்காய்ச் சட்னியில் தேங்காய் விலைக்குப் பயந்து கடலை சேர்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பாயசத்து முந்திரியைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுக் கொடுப்பது ஏமாற்று. இறால் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கு பொரித்தால் அதுவும் இறால்தான். இப்போது செக்கு எண்ணெய் மோகம் பிடித்திருக்கிறது. ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. செக்கில் ஆட்டியதில் இருக்கும். கடலை ஆகாதவருக்கு இந்த வேறுபாடு உயிர் வேறுபாடு. தெரியாவிட்டால் ‘தெரியலைங்க, சாப்பிட வேண்டாம்’ என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் குறைந்துபோகிற கௌரவம் எதுவும் இல்லை.

சத்துணவு அமைப்பாளர்களே, ஆசிரியர்களே, முட்டையைத் தட்டில் ஒதுக்கி வைக்கிற பிள்ளையை அதட்டாதீர்கள், என்ன ஆகிறது என்று கேளுங்கள். எந்தப் பிள்ளைக்கு என்ன ஆகாது என்று வகுப்பு ஆசிரியரிடம் எழுத்தில் இருக்கட்டும். பெற்றோரே, பெண் பிள்ளைக்குக் கல்யாணம் நடக்காமல் போய்விடும், பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்றெல்லாம் அஞ்சி மறைக்காதீர்கள். நீங்கள் மறைத்ததை யாரும் காக்க முடியாது.

இவ்வளவு சொன்ன வாயால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதது ஒரு குற்றம். அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி நடுங்குவது இன்னொன்று. ஏதோ ஒரு நாள் உடம்பு அரித்தது என்று கத்தரிக்காய், முட்டை, மீன், பால் என ஒவ்வொன்றாக நிறுத்தி, பிள்ளையை எலும்பும் தோலுமாக வளர்க்கிற வீடுகள் இருக்கின்றன. பால் குடித்தால் வயிறு உப்புசம் என்பதும் பால் அலர்ஜி என்பதும் ஒன்றல்ல. முன்னது தொல்லை, பின்னது ஆபத்து. நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று ஐஜிஜி அளந்து காசு பிடுங்குகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். ஐஜிஜி இருந்தால் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று பொருள், அவ்வளவே. நடந்ததை நடந்தபடி மருத்துவரிடம் சொல்லி, தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ ஐஜிஇ சோதனையோ செய்துகொள்ளுங்கள். பென்சிலின் ஆகாது என்று அமெரிக்காவில் பதிவாகியிருப்பவர்களை முறையாகச் சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்குமேல் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். வீண் அச்சத்தால் நல்ல மருந்தை இழந்து, கனமான மருந்துகளைச் சுமக்கிறார்கள். வீட்டில் நீங்களாகச் சோதிக்காதீர்கள். மருத்துவமனையில் சோதிப்பதைத் தள்ளியும் போடாதீர்கள்.

அறிஞர்களே தவறிய இடமும் உண்டு. அலர்ஜி வரக்கூடிய குழந்தைக்கு மூன்று வயதுவரை நிலக்கடலை காட்டாதீர்கள் என்று 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அறிவுரை கூறியது. 2008-இல் அதைக் கைவிட்டது. 2015-இல் லண்டனில் கிடியன் லாக் குழுவினரின் ஆய்வு வந்தது. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகளை 4 முதல் 11 மாதத்துக்குள் சேர்த்து, பாதிப் பேருக்கு நிலக்கடலை கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு விலக்கினார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, விலக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு நிலக்கடலை அலர்ஜி. கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு. காக்கிறேன் என்று தள்ளிப்போட்டதே நோயை வளர்த்திருக்கிறது. ஆகவே திட உணவு தொடங்கும் காலத்தில் மசித்த கடலை, வெந்த முட்டை ஆகியவற்றைக் காலம் தாழ்த்தாமல் பழக்குங்கள். முழுக் கடலை புரையேறும், கொடுக்காதீர்கள். கரப்பான் கடுமையாக இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அந்தக் கரப்பானையும் ‘வளர்ந்தால் போய்விடும்’ என்று விடாதீர்கள். வாய் வழியாக முதலில் வரும் உணவை உடம்பு பெரும்பாலும் ஏற்கப் பழகுகிறது. வெடித்த தோல் வழியாக முதலில் நுழைவதைப் பகையாக எண்ணுகிறது. நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்பை வீங்கிய தோலில் தடவிய குழந்தைகளுக்கு அந்த அலர்ஜி கூடுதலாக வந்ததை லாக் 2003-இலேயே காட்டினார். பாட்டிமார்களே, கைப்பக்குவத்தை நான் மதிக்கிறேன். வெடிப்புள்ள பிஞ்சுத் தோலில் மட்டும் கடலை மாவும் கடலை எண்ணெயும் வேண்டாம்.

அலர்ஜியால் ‘வீசிங்’ வரும் பிள்ளையின் இன்ஹேலரை விருந்தாளி வரும்போது ஒளித்து வைக்கிற வீட்டாரே, யாரிடமிருந்து எதை மறைக்கிறீர்கள்? இன்ஹேலர் பழகிவிடும் என்பது பொய். மாத்திரையாக விழுங்கும் மருந்தைவிட மிகச் சிறிய அளவு நேரே நுரையீரலுக்குப் போகிறது. அடைக்கும்போது மட்டும் நீல இன்ஹேலரை இழுத்துவிட்டு, தினசரி எடுக்க வேண்டிய தடுப்பு மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து. வீட்டுக்குள் பீடி சிகரெட் வேண்டாம், தலையணை உறையை வெந்நீரில் அலசுங்கள், கரப்பான்பூச்சியை ஒழியுங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் எத்தனை நாள் கடத்துவீர்கள்?

நம் வாசலுக்கு வெளியேயும் நமக்குப் பொறுப்பு உண்டு. பார்சிலோனாவில் 1981 முதல் 1987 வரை அவ்வப்போது ஒரே நாளில் ஏராளமானோர் ஆஸ்துமாவோடு மருத்துவமனைக்கு ஓடி வந்தார்கள். துறைமுகத்தில் சோயா இறக்கும் நாள்களில், வடிகட்டி இல்லாத சேமிப்புக் கிடங்கிலிருந்து பறந்த தூசியே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். வடிகட்டி பொருத்தினார்கள், அந்தக் கூட்டம் நின்றது. ஒருவர் போடாத வடிகட்டி, ஊரார் மூச்சு! உங்கள் காலி மனையில் பூத்துக் கிடக்கும் பார்த்தீனியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்ட அந்தச் செடி நாடெங்கும் பரவி, எத்தனையோ உழவர்களின் முகத்தையும் கழுத்தையும் ஆறாத புண்ணாக்கியிருக்கிறது. பூக்கும் முன்னே, கையுறை போட்டு, வேரோடு பிடுங்குங்கள்.

வீடு கட்டுகிறவர்களே, உங்கள் கொத்தனாரின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? சித்தாள் பெண்ணின் விரலிடுக்கைப் பார்த்திருக்கிறீர்களா? சிமென்டில் உள்ள குரோமியம் அந்தத் தோலில் ஊறி அலர்ஜியாகிறது. ஒருமுறை வந்துவிட்டால் தொழிலை விட்டாலும் பலருக்கு விடுவதில்லை. டென்மார்க் 1983-லேயே, நீரில் கரையும் அந்தக் குரோமியம் சிமென்டில் கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று சட்டம் போட்டு, இரும்பு சல்ஃபேட் கலக்க வைத்தது. அங்கே புதிதாக வருபவர்கள் குறைந்தார்கள். நீங்கள் சட்டம் போட வேண்டாம். பல லட்சத்தில் வீடு கட்டுகிறீர்கள், நல்ல கையுறையும் கழுவத் தண்ணீரும் கொடுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு ஆயிரம் பேரைக் கூப்பிடப்போகிற உங்களால் இது முடியாதா?

முகூர்த்த நாள் நெருங்குகிறது. பத்திரிகை அடிக்கிறவர்கள், யாருக்காவது ஏதாவது உணவு ஆகாதென்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று கீழே ஒரு வரி சேருங்கள். சமையல்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே எதில் என்ன போடுகிறார் என்று எழுதி வாங்குங்கள். மண்டபத்துக்கு அருகில் இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். கதண்டுக் கூடு மண்டப மரத்தில் தொங்கினால் கல்லெறியாமல் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் தெரு கிளினிக்கில் அட்ரினலின் இருக்கிறதா, இருந்தால் காலாவதித் தேதி என்ன என்று கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம், நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார், குப்பியை எடுத்துக் காட்டுவார். இன்று மாலை கிளினிக் திறந்ததும் போங்கள்.